சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று: ஆங்கிலச் சொற்கள் மாறிக் கேட்டால் என்ன செய்வது?

இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பேயில் ஓட்டோ ஓட்டுபவர்கள், பாசிக்குடா ஹொட்டேல்களில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், கல்முனை, காத்தான்குடிப் பக்கம் சாதாரண தரம் (சா/த) படிக்கிற மாணவர்கள். இவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் பழக்குவதுதான் என் வேலை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பிழைகள் மட்டும் அதே பிழைகள். ஒருவருக்குச் சொன்ன திருத்தத்தையே அடுத்தவருக்கும் சொல்லவேண்டி வருவதால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதப்போகிறேன். சில இடங்களில் இரண்டு சொற்கள் ஒரே மாதிரித் தெரியும். அங்கேயும், பொருளை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற இடங்களிலும், பொருளைப் பார்த்து எந்தச் சொல் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன்: இது பிழைதானா?

எதிரே இருப்பவருக்கு விளங்கிவிட்டது என்றால் அது பிழை அல்ல. வெள்ளைக்காரர் மாதிரிக் கதைக்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. நன்றி சொல்லும் 'தேங்க்ஸ்' நம் வாயில் சாதாரண 'த'வோடு வருகிறது, அதனால் எந்த வியாபாரமும் கெட்டதில்லை. தேநீரைக் குறிக்கும் ஆங்கில 'டீ'யின் முதல் ஒலி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. 'காற்று', 'நேற்று' என்று நாம் சொல்லும்போது நாக்கு மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தொடுகிறதே, ஆங்கிலேயர் நாக்கும் அங்கேதான் தொடுகிறது. இந்த இரண்டையும் திருத்தப் போய் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பொருள் மாறும்போதும், விலை மாறும்போதும், பரீட்சையில் புள்ளி போகும்போதும் மட்டும் கீழே வாருங்கள்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான இரண்டு சோதனைகள்

முதலாவது, கொப்பியைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறதா? பாதிச் சிக்கலின் வேர் அங்கேதான். முதுகைக் குறிக்கும் சொல்லுக்கும் தோளில் மாட்டும் பைக்கும் 'பேக்' என்றே எழுதி வைத்தால் வாய் இரண்டையும் ஒன்றாகவே சொல்லும். அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, சொல்லைக் காதால் கேட்டு மனதில் வையுங்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டு அகராதிகளும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லிக் காட்டும்.

இரண்டாவது சோதனைக்குப் போன் போதும். விசைப்பலகையில் மொழியை ஆங்கிலமாக்கி, மைக் படத்தைத் தொட்டு, சந்தேகமான சொல்லைத் தனியாகச் சொல்லுங்கள். எதை எழுதுகிறது என்று பாருங்கள். முழு வசனமாகச் சொல்லாதீர்கள். வசனம் கிடைத்தால் போன் சூழலை வைத்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும், உங்கள் பிழை மறைந்துபோகும். மூன்று முறை சொல்லி இரண்டு முறையாவது சரியான சொல் விழுந்தால் அந்தச் சொல்லில் கோளாறு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 1: கேட்டவர் சம்பந்தமில்லாத பதில் சொல்கிறார்

*கல்முனையில் இருக்கிறேன் என்று சொன்னால், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கிறார்*

வசிப்பது 'லிவ்', கிளம்புவது 'லீவ்'. தமிழுக்கு இகரமும் ஈகாரமும் இருப்பதால் வாய்க்கு இது ஒரு வேலையே இல்லை. எந்தச் சொல்லுக்கு எது என்பது மனதில் பதியாததுதான் காரணம். ஆங்கிலத்தில் இரண்டு 'ஈ' சேர்ந்து வந்தால் நெடில். 'ஈ'யும் 'ஏ'யும் சேர்ந்து வந்தாலும் பெரும்பாலும் நெடில்தான், பாணைக் குறிக்கும் 'ப்ரெட்', தலையைக் குறிக்கும் 'ஹெட்' போன்ற சில மட்டும் விலகும். கப்பல் 'ஷிப்', செம்மறி 'ஷீப்'. நிரப்புவது 'ஃபில்', உணர்வது 'ஃபீல்'. வழுக்குவது 'ஸ்லிப்', தூங்குவது 'ஸ்லீப்'.

ஹொட்டேலில் அறை ஒழுங்கு செய்கிற தம்பி தங்கச்சிமார் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கட்டில் விரிப்புக்கும் கடற்கரைக்கும் உள்ள சொற்களில் ஈகாரத்தைக் குறுக்கினால் இரண்டுமே கெட்ட வார்த்தையாகிவிடும். 'ஷீட்', 'பீச்' என்று தாராளமாக இழுங்கள். கூடுதலாக இழுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

*திருமண மண்டபம் எங்கே என்று விளக்கினால் முகத்தைச் சுருக்குகிறார்*

நாங்கள் மண்டபத்தை 'ஹோல்' என்கிறோம். ஆங்கிலத்தில் துவாரமும் 'ஹோல்'. 'வெடிங் ஹோல்' என்று கேட்கிற வெள்ளைக்காரர் கலியாணக் குழியைக் கற்பனை செய்துகொள்கிறார். மட்டக்களப்பில் மிஷனரிமார் ஆங்கிலப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1814இல். இருநூறு வருடம் தாண்டியும் இந்தத் துவாரம் அடைபடவில்லை. தமிழ்நாட்டில் மண்டபத்தை 'ஹால்' என்று எழுதுவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு, அவர்களுக்கு வேறு குழப்பங்கள்.

திருத்தம் உதட்டில் இருக்கிறது. மண்டபத்துக்கு 'ஆ' சொல்லப்போவது போலத் தாடையை இறக்கி, அந்த நிலையிலேயே 'ஓ' சொல்லுங்கள். உதடு கடைசிவரை அசையக்கூடாது. துவாரத்துக்கு 'ஓ'வில் தொடங்கி 'உ'வில் முடியுங்கள், உதடு குவிந்து சிறுக்கும். கண்ணாடியின் முன் நின்று பாருங்கள். உதடு அசைந்தால் துவாரம், அசையாவிட்டால் மண்டபம்.

இதே முறையில் சோதிக்கவேண்டிய வேறு சொற்களும் உண்டு. பந்து அசையாது, கிண்ணம் அசையும். சட்டம் அசையாது, தாழ்வைக் குறிக்கும் 'லோ' அசையும். வாங்கினேன் என்பது அசையாது, தோணி அசையும். தொலைபேசி அழைப்பு அசையாது, நிலக்கரி அசையும். உப்பு அசையாது, விற்றாயிற்று என்பதற்குரிய 'சோல்ட்' அசையும். மீன் கடையில் இந்தக் கடைசிச் சோடியைச் சரியாகச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

*ஹொட்டேலில் வேலை செய்கிறேன் என்றால், நடக்கிறீர்களா என்கிறார்*

நடப்பது 'வோக்', நடுவில் உள்ள 'எல்' எழுத்துக்கு வேலை இல்லை. வேலை 'வேர்க்'. எழுத்தில் 'ஓ' இருப்பதைப் பார்த்து வேலையையும் 'வோர்க்' என்று படிப்பதால் வருகிற வினை இது. இதற்கு ஒரு தலைகீழ்ச் சூத்திரம் இருக்கிறது: 'டபிள்யூ'வுக்குப் பின் 'ஓ ஆர்' வந்தால் பெரும்பாலும் 'வேர்', 'ஏ ஆர்' வந்தால் பெரும்பாலும் 'வோ'. ஆகவே சொல் என்பது 'வேர்ட்', வைத்தியசாலையின் நோயாளர் பகுதி 'வோட்'. புழு 'வேர்ம்', இளஞ்சூடு 'வோம்'. உலகம் 'வேர்ல்ட்', போர் 'வோ'. இந்தச் சூத்திரத்தைச் சுவரில் ஒட்டலாம்.

*சிற்றுண்டி இருக்கிறது என்றால் பயந்து பின்வாங்குகிறார்*

'ஸ்னேக்' என்றால் பாம்பு. சிற்றுண்டியில் வருகிற உயிரொலி 'ஆ'வுக்கும் 'ஏ'க்கும் நடுவில் இருக்கிறது. தமிழில் அதற்கு எழுத்தே இல்லை. ஆனால் அம்பாறைப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்த ஒலி காதுக்குப் புதிதல்ல. சிங்களத்தில் 'ஏன்?' என்று கேட்கும் சொல்லின் முதல் ஒலி அதுதான். அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லி, தொடக்கத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு சிற்றுண்டிக்குள் போடுங்கள். கூடாததைச் சொல்லும் சொல், ஒற்றை மனிதன், பொரிக்கும் சட்டி மூன்றுக்கும் இந்த ஒலி. கட்டில், பல மனிதர்கள், பேனை மூன்றுக்கும் நம் குறில் 'எ'.

*பசிக்கிறது என்றால், என்ன கோபம் என்று கேட்கிறார்*

பசி 'ஹங்ரி', மேலே சொன்ன நடு ஒலியில் தொடங்குவது கோபம். பசியைச் சொல்லும்போது 'ஹ' விழுந்துபோனால் கேட்பவர் கோபத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார். முடியும் காற்றும், சூடும் சாப்பிடுவதும் இதே வகை. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சொல்லுங்கள். 'ஹ' வந்தால் கையில் மூச்சுப் படும்.

அறிகுறி 2: 'ஸொரி? ஸொரி?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்

பொருள் மாறவில்லை, சொல்லே பிடிபடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மெய்யெழுத்தில்.

*சொல்லின் முதல் எழுத்து*

கடற்கரைக்கும் பீச் பழத்துக்கும் தமிழில் ஒரே எழுத்து. வளைகுடாவுக்கும் காசு கட்டுவதற்கும் அப்படியே. ஓட்டோக்காரர் 'பே?' என்று கேட்டால் பயணி பேர்ஸைத் திறக்கிறார். இறங்குமுன்னே காசு கேட்கிறார் என்று நினைத்து முறைப்பவர்களும் உண்டு.

இதற்கு மருந்து நம் வாயிலேயே இருக்கிறது. 'அறுகம்பே' என்று முழுதாகச் சொல்லிப் பாருங்கள். 'ம்'முக்குப் பின்னால் வருகிற 'பே' ஆங்கில 'பீ' எழுத்தின் ஒலியோடு சரியாக விழும். 'தம்பி'யின் 'பி'யும் அதேதான். ஆகவே 'ம்' என்று உதட்டை மூடி முனகி, அதிலிருந்து 'பே'க்குப் போங்கள். பழகப் பழக 'ம்'மைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் விட்டுவிடுங்கள். 'தங்கம்' என்பதன் 'க' ஆங்கில 'ஜீ'யின் ஒலி, 'வண்டி'யின் 'டி' நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலிக்கு மிகக் கிட்ட, 'மஞ்சள்' நடுவில் இருப்பது 'ஜே'. ஆட்டுக்குரிய சொல் மேலங்கியாகக் கேட்கிறதா? 'தங்கம்' சொல்லி அந்தக் 'க'வில் தொடங்குங்கள்.

காசு கட்டும் பக்கத்துக்கு வேறு திருத்தம். ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வருகிற 'ப', 'க', 'ட' ஒலிகளோடு ஒரு மூச்சு வெளியே வரும், தமிழில் வராது. மெல்லிய கடதாசித் துண்டை வாய்க்கு முன்னே பிடித்துச் சொல்லுங்கள். காசு கட்டுவதற்குக் கடதாசி ஆடவேண்டும், வளைகுடாவுக்கு ஆடக்கூடாது.

*சொல்லின் கடைசி எழுத்து*

முதுகா பையா என்ற பழைய சண்டை இது. கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் 'பேக்கு' என்று ஒரு உகரம் வால் முளைத்து இன்னும் கெடும். ஆங்கிலக் காது கடைசி எழுத்தை விட அதற்கு முன்னால் உள்ள உயிரின் நீளத்தைத்தான் கவனிக்கிறது. பைக்கு உயிரை நீட்டுங்கள், முதுகுக்கு வெட்டென்று நிறுத்துங்கள். விதைக்கு நீட்டுங்கள், இருக்கைக்கு வெட்டுங்கள். வாடகைக் காருக்கு நீட்டுங்கள், தொப்பிக்கு வெட்டுங்கள். இந்த ஒரு திருத்தத்தால் மட்டும் பலருடைய ஆங்கிலம் சட்டென்று தெளிவாகிவிடுகிறது. பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

*கோப்பி கேட்டவருக்குக் கொப்பி*

நாம் குடிப்பது 'கோப்பி', எழுதுவது 'கொப்பி'. விருந்தாளியிடம் 'கோப்பி?' என்று கேட்டால் எதையோ பிரதி எடுக்கச் சொல்கிறீர்கள் என்றே நினைப்பார். நடுவில் மேற்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைத்துக் காற்றை விடுங்கள், 'ஃப' வந்துவிடும். அதே நிலையில் தொண்டையையும் ஒலிக்கவிட்டால் ஆங்கில 'வீ'. 'டபிள்யூ'வுக்குப் பல் வேலை செய்யாது, 'உ' சொல்வது போல உதட்டைக் குவித்துத் திறக்கவேண்டும். மிருக வைத்தியரும் ஈரமும், உள்பனியனும் மேற்கும் பிரிவது இப்படித்தான். நம் தமிழ் 'வ' இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். இதை அவசரமாகத் திருத்தத் தேவையில்லை.

*இருக்கை, விரிப்பு, ஏமாற்று*

மூன்றுக்கும் 'சீட்' என்று ஒரே ஒலி வந்தால் சிக்கல். 'சோறு' என்பதன் 'ச' இருக்கைக்கு. 'பச்சை' என்பதன் 'ச்ச' ஏமாற்றுக்கு. விரிப்புக்கு 'ஷ'. உறிஞ்சுவது, கப்பல், பொரித்த உருளைக்கிழங்கு மூன்றும் இதே வரிசை. பொரித்த உருளைக்கிழங்கு கேட்டவரிடம் கப்பல் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம்.

*'இஸ்கூல்', 'இஸ்டேசன்'*

முன்னால் ஒட்டுகிற 'இ'தான் கோளாறு. 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாகத் தொடங்கி, அதை விடாமல் 'கூல்' சொல்லுங்கள். இது திருந்தச் சில நாள் போதும்.

அறிகுறி 3: விலை சொன்னால் சண்டை வருகிறது

இந்தப் பட்டியலில் காசு இழக்கவைக்கிற கோளாறு இது. 13ஆ 30ஆ, 15ஆ 50ஆ? சீசன் காலத்தில் அறுகம்பேயில் நடக்கிற கட்டணத் தகராறுகளில் எத்தனை பேராசையால், எத்தனை உச்சரிப்பால் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எளிய திருத்தம்: 'டீன்' முடிகிற எண்களில் ஈகாரத்தை நீட்டி, 'ன்'னைத் தெளிவாக மூடுங்கள். 'டி' முடிகிற எண்களில் முதல் அசையை அழுத்தி, கடைசியைச் சட்டென்று விட்டுவிடுங்கள். அழுத்தத்தை மட்டும் நம்பக்கூடாது. எண்ணிக்கொண்டு போகும்போதும், எண்ணுக்குப் பின்னால் பொருளின் பெயர் வரும்போதும் ஆங்கிலேயரே 13இன் முதல் அசையை அழுத்துவார்கள்.

அது சரிவரவில்லை என்றால் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். 'ஃபிஃப்டீன்' என்ற கையோடு 'வன் ஃபைவ்'. 1,300 ரூபாயை 'தேர்ட்டீன் ஹண்ட்ரட்' என்று சொல்லவே வேண்டாம், 'வன் தௌசண்ட் த்ரீ ஹண்ட்ரட்' என்று சொல்லுங்கள். அதுவும் சந்தேகம் என்றால் போன் திரையில் எண்ணை அடித்து, பயணம் தொடங்குமுன்னே காட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தேர்ந்த ஓட்டுநர்கள் எல்லாம் அதைத்தான் செய்கிறார்கள்.

அறிகுறி 4: விலையும் பரிசும், சோறும் எழுவதும் ஒன்றாக விழுகின்றன

'இஸட்' ஒலி இல்லாத குறை. குரல்வளையில் இரண்டு விரலை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள், அதிராது. அப்படியே ஒலியை நிறுத்தாமல் தொண்டையையும் சேருங்கள். விரலில் அதிர்வு தெரிந்தால் அதுதான் 'இஸட்'. பரிசு, எழுவது, கண்கள், இழப்பது, அறிவுரை கூறுவது எல்லாவற்றுக்கும் அதிரவேண்டும். விலை, சோறு, ஐஸ், தளர்வானது, அறிவுரை இவற்றுக்கு அதிரக்கூடாது. அதிரும் சொற்களில் உயிரும் சற்று நீளும். பையில் செய்த வேலையை இங்கேயும் செய்யுங்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பாடமே தேவையில்லை. 'ஸலாம்', 'ஸக்காத்' இரண்டையும் தமிழில் ஒரே 'ஸ'வில் எழுதுகிறோம், ஆனால் ஓதும்போது ஒன்று ஸீன், மற்றது ஸாய். அந்த ஸாய்தான் ஆங்கில 'இஸட்'. உஸ்தாத் சொல்லித் தந்ததை ஆங்கில வகுப்புக்கும் கொண்டு வாருங்கள் என்று சொன்னால் முகம் மலர்கிறது, உடனே சரியாகவும் வருகிறது. அரபு 'ஃப'வும் அப்படியே ஆங்கிலத்துக்கு உதவும்.

பாவிப்பது, மூடுவது என்ற வினைகளில் 'இஸட்'. பாவனை, கிட்டே என்ற பொருளில் வரும்போது வெறும் 'ஸ்'. எழுத்தில் அதே சொல்தான், வினையாக வருகிறதா என்று பார்த்து ஒலியைத் தீர்மானியுங்கள்.

அறிகுறி 5: கதைக்கும்போது சிக்கல் இல்லை, எழுதினால் சிவப்பு மை

இங்கே உச்சரிப்பைத் தொடவே கூடாது. கடலும் பார்ப்பதும், மகனும் சூரியனும், வாரமும் பலவீனமும், இறைச்சியும் சந்திப்பதும், துண்டும் சமாதானமும் ஆங்கிலத்திலேயே ஒரே ஒலிதான். வித்தியாசம் காட்டவேண்டும் என்று நினைத்து வாயை வளைக்கிற பிள்ளைகள் புதுப் பிழையைத்தான் உண்டாக்குகிறார்கள். கோதுமை மாவுக்கும் பூவுக்கும் ஒரே 'ஃப்ளவர்'. மாவை 'ஃப்ளோர்' என்று மாற்றினால் அது தரையாகிவிடும், பேக்கரியில் தரையை வாங்க முடியாது.

எழுத்துக்குரிய சோதனைகள் வேறு. 'தெயர்' எழுதுமிடத்தில் 'மை' என்று போட்டுப் பாருங்கள். வசனம் பொருந்தினால் அவர்களுடையது, பொருந்தாவிட்டால் அங்கே. 'இட்ஸ்' வந்தால் 'இட் இஸ்' என்று விரித்து வாசியுங்கள். விரிந்து பொருள் தந்தால்தான் மேற்கமா போடவேண்டும். பாடசாலை அதிபருக்குக் கடிதம் எழுதும்போது சொல் 'பி ஏ எல்' என்று முடியவேண்டும், 'பி எல் ஈ' என்று முடிந்தால் அது கொள்கை. அதிபர்மார் இதைக் கண்டால் கடிதத்தின் மீதியை வாசிக்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பேனை, கடதாசி விற்கும் கடையின் 'ஸ்டேஷனரி'யில் 'ஈ' வரும், என்வலப்பின் முதல் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்பதற்கு 'ஏ'.

சா/த பிள்ளைகளுக்கு இது முதலாவது வேலை. எழுத்துத் தாளில் உங்கள் வாய் கேட்காது, எழுத்து மட்டும்தான் தெரியும்.

அறிகுறி 6: எழுத்து ஒன்றுதான், வாசிப்பு இரண்டு

வாசிப்பதற்கு 'ரீட்', நேற்று வாசித்திருந்தால் 'ரெட்'. வசனத்தில் காலத்தைக் காட்டும் சொல்லைத் தேடுங்கள். வசிப்பது 'லிவ்', கடற்கரை உணவகப் பலகையில் இசைக்கு முன்னால் வருவது 'லைவ்'. காற்று 'விண்ட்', சுற்றுவது 'வைண்ட்'. அலைச்சறுக்குக்காரர்களிடம் காற்றைப் பற்றித்தான் கதைப்பீர்கள், ஆகவே முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். நேரக் கணக்கு 'மினிட்', மிகச் சிறியது 'மைனியூட்'. கண்ணீர் 'டியர்', கிழிப்பது 'டெயர்'.

பாலைவனமும் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பும் எழுத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஒலியில் அழுத்தம் இடம் மாறும். பாலைவனத்துக்கு முதல் அசை, இனிப்புக்கு இரண்டாம் அசை. பரிமாறுகிறவர்கள் இதை மட்டும் பழகிக்கொண்டால் போதும்.

அறிகுறி 7: மற்றவர் சொன்னாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை

இது வாயின் கோளாறு அல்ல, காதின் பழக்கம். கேட்டுப் பழகாத ஒலியை வாய் உண்டாக்காது. வீட்டில் ஒருவரை உட்கார்த்தி, அகராதியில் ஒரு சோடிச் சொல்லை மாற்றி மாற்றி ஒலிக்கவிடச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காமல் எது என்று சொல்லவேண்டும். பத்துக்கு எட்டு சரியாக வரும்வரை அந்தச் சோடியை விடாதீர்கள், வாயால் சொல்லிப் பார்க்கவும் வேண்டாம். ஒரு சோடி முடிந்தபின் அடுத்த சோடி. நாளுக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் போனால் காது களைத்துவிடும், பிறகு எல்லாம் ஒன்றாகவே கேட்கும்.

இயர்போனில் தெரிகிறது, போன் ஒலிபெருக்கியில் தெரியவில்லை என்றால் குறை ஒலிபெருக்கியில். 'ஸ', 'ஷ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகளை மலிவான ஒலிபெருக்கிகள் தின்றுவிடும்.

எப்போது ஆளைத் தேடுவது

காசு செலவில்லாத திருத்தங்களை ஒரு மாதம் நாள்தோறும் செய்தும், போன் இன்னும் பிழையான சொல்லையே எழுதுகிறது என்றால் ஓர் ஆங்கில ஆசிரியரிடம் போங்கள். ஐம்பது பேர் இருக்கிற ரியூசன் வகுப்பில் உச்சரிப்புத் திருந்தாது, உங்கள் வாயைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். எல்லாச் சொற்களையும் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். எந்தச் சோடிகள் பிழைக்கின்றன என்று எழுதிக்கொண்டு போனால் சில வகுப்புகளில் முடியும். பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு என்று விளம்பரப்படுத்திப் பெருந்தொகை கேட்கிற வகுப்புகளைப் பற்றி என் அபிப்பிராயம்: உங்கள் சிக்கல் ஏழெட்டுச் சோடிச் சொற்கள் என்றால் அது தேவையற்ற செலவு.

வைத்தியரிடம் போகவேண்டிய கட்டம் வேறு. பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் சொற்கள் மாறிக் கேட்கின்றனவா? தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லையா? அடிக்கடி காது வலிக்கிறதா, சீழ் வடிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உச்சரிப்புப் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். சிலவேளை அடைத்திருக்கும் காதழுக்கை எடுத்ததோடு முடிந்துவிடும். அதை நீங்களே எடுக்கப் போகாதீர்கள், எண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி விடுவதும் காதைக் கெடுக்கலாம். அழுக்கு இல்லை என்றால் வைத்தியர் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டல் சோதனை செய்விப்பார்.

கேட்டல் சரியாக இருந்தும், பாடசாலை போகிற வயதிலும் தமிழ் எழுத்துகளே சில வாயில் வரவில்லை, அல்லது திக்குகிறது என்றால், பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பும்படி அந்த வைத்தியரிடமே கேளுங்கள். போகும்போது பிள்ளை வீட்டில் இயல்பாகத் தமிழில் கதைப்பதைப் போனில் கொஞ்சம் பதிவு செய்து கொண்டுபோங்கள். புதிய ஆளைக் கண்டால் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.